ஒன்னுமில்ல, அப்புறம் சொல்றேன்

எங்கள் குடும்பத்தில் வாயை மூடிக்கொண்டு சும்மா இருக்கிற ஆட்கள் யாரும் இல்லை. தீபாவளிக்குப் பட்டர்வொர்த்தில் பெரியப்பா வீட்டில் எல்லாரும் கூடினால், ஒரே கூடத்தில் நாலு பேச்சு ஓடும். ஒரு பக்கம் அரசியல், ஒரு பக்கம் யார் வீட்டுப் பிள்ளை யாரோடு சுற்றுகிறது என்ற விசாரணை, ஒரு பக்கம் முறுக்கில் உப்பு போதவில்லை என்ற வழக்கு. அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் என் சின்ன அத்தை உட்கார்ந்திருப்பார். அவருக்குப் பிறவியிலேயே காது கேட்காது. யாரோ எதையோ சொல்லி மொத்தக் கூடமும் சிரித்தால் அவரும் மரியாதைக்கு ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு, பக்கத்தில் இருப்பவர் தொடையைத் தட்டிப் புருவத்தைத் தூக்குவார். என்ன? பதில் எப்போதும் ஒன்றுதான். கையை விரித்து ஒரு திருப்பு: ஒன்னுமில்ல. கொஞ்சம் இரக்கப்பட்டவராக இருந்தால் கையைத் தள்ளிக் காட்டி, அப்புறம் சொல்றேன். அந்த அப்புறம் வந்து நான் பார்த்ததில்லை.

யாருக்கும் அவர் மேல் பாசம் இல்லாமல் இல்லை. பந்தியில் முதல் இலை அவருக்குத்தான், புதுச் சேலையில் நல்ல கலரை அவர்தான் முதலில் எடுப்பார். ஆனால் அண்ணன் மகளுக்குச் சம்பந்தம் பேசி முடித்த விஷயமே, வீட்டில் சீர்த் தட்டுகளை அடுக்கத் தொடங்கிய அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. வீட்டில் எல்லாரும் மாதக்கணக்காக அதைப் பற்றியேதான் பேசிக்கொண்டிருந்தார்கள், அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு.

காது கேளாதவர்கள் கூடும் இடத்தில் இதைச் சொன்னால் இந்தியர், சீனர், மலாய்க்காரர் என்று பார்க்காமல் எல்லாரும் தலையாட்டுவார்கள். ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு சாப்பாட்டு மேசை, ஒரு 'ஒன்னுமில்ல' இருக்கிறது.

எங்கள் வீட்டிலும் கைப்பேச்சு என்று ஒன்று உண்டு. தாத்தாவைக் குறிக்க, பால்வெட்டுக் கத்தியை ரப்பர் மரத்தில் சரிவாக இழுப்பது போல ஒரு இழுப்பு. பாட்டிக்கு மூக்குத்தி. கோயிலுக்கு நெற்றியில் மூன்று விரல். சாப்பிடு, தூங்கு, வா, காசு, மழை வருது துணியை எடு. இதையெல்லாம் வைத்து ஒரு நாளை ஓட்டிவிடலாம். ஆனால் "போன வருசம் நீ சொன்னதைக் கேட்டிருந்தா இப்ப இந்தப் பிரச்சினை வந்திருக்காது" என்று இதில் சொல்லிப் பாருங்கள். 'இருந்தால்' என்பதற்குக் கை எங்கே போகும்? ஏன், எப்படி, ஒருவேளை, யாரிடமும் சொல்லாதே: இதெல்லாம் இல்லாத பேச்சை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணோடு அறுபது வருசம் குடும்பம் நடத்திவிட்டோம் நாங்கள்.

இதில் கொடுமை என்னவென்றால், அத்தைக்கு மொழி இல்லாமல் இல்லை. நல்ல வளமான, கிண்டலும் கேலியும் நிறைந்த முழு மொழி அவர் கையில் இருக்கிறது. அதை வீட்டில் கேட்கத்தான் ஆள் இல்லை.

அவர் படித்தது பினாங்கில், தஞ்சோங் பூங்காவில் இருக்கும் காது கேளாதோர் பள்ளியில். 1954இல் தொடங்கிய பள்ளி அது. பிரிட்டிஷ் ஹை கமிஷனராக இருந்த டெம்ப்ளரின் மனைவி முன்னின்று முயற்சி எடுத்ததில் உருவானது. இந்த நாட்டில் காது கேளாத பிள்ளைகளுக்கு முறையான படிப்பு என்பது அங்கேதான் ஆரம்பம். பல ஊர்களிலிருந்து சின்னப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுதியில் விட்டுப்போனார்கள். அத்தையைத் தாத்தா கொண்டுபோய் விட்டபோது ஏழு வயது இருக்கும்.

அந்தக் காலத்தில் உலகம் முழுக்க வாய்ப்பேச்சு முறைதான். அதற்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோர் கல்விக்காக ஒரு மாநாடு கூடி, பள்ளிகளில் கைமொழி வேண்டாம், வாயால் பேசவும் உதட்டைப் படிக்கவும்தான் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. ஓட்டுப் போட்டவர்கள் கிட்டத்தட்ட எல்லாருமே காது கேட்பவர்கள். அந்தத் தீர்மானங்களை நிராகரிக்கிறோம் என்று அதே மாநாட்டின் வழிவந்தவர்கள் கனடாவின் வான்கூவரில் சொன்னது 2010இல். 130 வருசம்! இடையில் எத்தனை தலைமுறைப் பிள்ளைகள் வாய்க்கு முன்னால் காகிதத் துண்டைப் பிடித்து அது ஆடுகிறதா என்று பார்த்தே வளர்ந்தார்கள். ஆசிரியையின் தொண்டையில் கை வைத்து அதிர்வைத் தொட்டுப் பார்த்தது, பிறகு தன் தொண்டையில் அதே அதிர்வை வரவழைக்கப் பார்த்தது எல்லாம் அத்தைக்கு இன்றும் நினைவிருக்கிறது. நடித்துக் காட்டுவார், நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம்.

உதட்டைப் படிப்பது அவ்வளவு லேசா என்று சந்தேகம் இருப்பவர்கள் கண்ணாடி முன்னால் நின்று சத்தம் போடாமல் 'பணம்' என்று சொல்லிப் பாருங்கள், அப்புறம் 'மணம்'. பாடு, மாடு. பாலை, மாலை. உதட்டில் ஒரு வித்தியாசமும் தெரியாது. கானா, ஙானா எல்லாம் தொண்டைப் பக்கம் நடக்கிற காரியம், வெளியே தெரியவே தெரியாது. லகர ளகர ழகரத்தை, காது நன்றாகக் கேட்கிற நாமே ஒழுங்காகப் பிரிப்பதில்லை, உதட்டை மட்டும் பார்க்கிறவர் என்ன செய்வார்? பாதிக்கு மேல் ஊகம்தான். அத்தை அந்த ஊகத்தில் கெட்டிக்காரர். ஆனால் நாள் முழுக்க ஊகித்துக்கொண்டிருந்தால் மனுசனுக்குக் களைத்துப்போகும். சாயந்திரமானால் கண்ணை மூடிக்கொள்வார், அவ்வளவுதான், யாரும் அவரோடு பேச முடியாது.

சரி, வகுப்பில்தான் வாய். வகுப்புக்கு வெளியே? அங்கேதான் அந்த அதிசயம் நடந்தது. பல வீடுகளிலிருந்து, பல இனங்களிலிருந்து, ஆளுக்கொரு வீட்டுக் கைப்பேச்சோடு வந்த பிள்ளைகள் சேர்ந்து வாழ்ந்ததில் ஒரு மொழியே பிறந்துவிட்டது. பினாங்கு சைகை மொழி என்று ஆய்வாளர்கள் அதற்குத் தனிப்பெயர் கொடுத்திருக்கிறார்கள். எந்தப் பெரியவரும் உட்கார்ந்து வகுத்த மொழி இல்லை அது. பெரியவர்கள் வாயைப் பார் என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் பிள்ளைகளே உண்டாக்கியது. இரவு விடுதியில் விளக்கணைத்த பிறகு நடைபாதை வெளிச்சம் விழுகிற கட்டிலில் கூடி உட்கார்ந்து பேசுவார்களாம். சைகை மொழிக்கு வெளிச்சம் வேண்டும், அதனால் அந்தக் கட்டில்காரிக்கு ஏக கிராக்கி என்பார் அத்தை.

நிகராகுவா நாட்டில் இதே போல 1970களின் கடைசியிலும் எண்பதுகளிலும் பள்ளிப் பிள்ளைகள் ஒரு மொழியை உருவாக்கினார்கள் என்று மொழியியல்காரர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அதற்கு இருபது வருசம் முன்னாலேயே நம் பினாங்கில், கடற்கரைக்குப் பக்கத்தில், நம் தமிழ்ப் பிள்ளைகளும் இருந்த ஒரு கூட்டம் அதைச் செய்திருக்கிறது. தமிழின் தொன்மையைப் பற்றி மேடை போட்டுப் பேசுகிற ஊர் இது. நம் கண்முன்னே ஒரு மொழி பிறந்து, இப்போது வயதானவர்களோடு மெல்லக் கரைந்துகொண்டிருப்பது பற்றி ஒரு கூட்டத்திலும் ஒருவரும் பேசி நான் கேட்டதில்லை.

கோலாலம்பூர், சிலாங்கூர் பக்கத்தில் வேறொன்று வளர்ந்தது. அமெரிக்க சைகை மொழியை ஒட்டியது. அப்புறம் பள்ளிகளுக்குள் கையை அனுமதிக்கலாம் என்று முடிவானபோது கோட் தாங்கான் வந்தது. அது மலாய் வாக்கியத்தை வார்த்தை வார்த்தையாகக் கையில் போட்டுக் காட்டுவது, முன்னொட்டு பின்னொட்டுக்கெல்லாம்கூடத் தனித்தனிக் கையசைவு உண்டு. மலாய் இலக்கணம் சொல்லிக்கொடுக்க வசதி, இரண்டு பேர் உட்கார்ந்து ஊர்வம்பு பேச வசதியில்லை. மக்கள் தங்களுக்குள் பேசிப் பேசி வளர்த்ததைத்தான் இன்று பஹாசா இஷாரத் மலேசியா, அதாவது மலேசிய சைகை மொழி, சுருக்கமாக பி.ஐ.எம்., என்கிறோம். 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் அதற்குச் சட்டப்படி ஓர் இடம் கொடுத்தது. இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது வகுப்புக்குப் போக ஆரம்பித்த பிறகுதான்.

வகுப்பு ஜார்ஜ் டவுனில், வார இறுதியில். சொல்லிக்கொடுத்தவருக்குக் காது கேட்காது, அதனால் முதல் நிமிடமே வாய்க்குப் பூட்டு. முதலில் பழக்கியது கையை அல்ல, கண்ணை. கையைப் பார்க்காதே, முகத்தைப் பார் என்று திரும்பத் திரும்பத் தட்டினார். நமக்கோ பெரியவர் பேசும்போது தலையைக் குனிந்து நிற்பதுதான் மரியாதை என்று வளர்ப்பு. இதில் கண்ணை எடுத்தால் காதைப் பொத்திக்கொண்டதற்குச் சமம். அடுத்து சுட்டுவிரல். ஆளைச் சுட்டுவிரலால் காட்டாதே, பெருவிரலால் காட்டு என்று தொடக்கப்பள்ளியிலிருந்து நமக்கு மலாய்ப் பண்பாடு சொல்லிக்கொடுத்திருக்கிறது. இங்கே நான், நீ, அவர் எல்லாமே சுட்டுவிரல்தான். என்னோடு படித்த ஒரு மலாய்க்கார அக்காவுக்கு அந்த விரல் நீளவே மாட்டேன் என்றது.

அப்புறம் முகம். மூஞ்சியைச் சுளிக்காதே என்று அம்மா சொன்னதையெல்லாம் மறக்க வேண்டும். புருவத்தைத் தூக்கினால் ஆமாவா இல்லையா என்ற கேள்வி, சுருக்கினால் யார், என்ன, எங்கே என்ற கேள்வி. கை அதே அசைவைத்தான் செய்கிறது, வாக்கியம் செய்தியா கேள்வியா என்பதை முகம்தான் முடிவு செய்கிறது. முகத்தை அசைக்காமல் கையை மட்டும் ஆட்டினால் அவர்களுக்கு அது ஒரே ஏற்ற இறக்கத்தில் ஒப்பிக்கிற மாதிரி இருக்குமாம்.

நான் அசந்துபோனது இடத்தை அவர்கள் பயன்படுத்தும் விதத்தில்தான். அத்தை ஒரு கதை சொல்கிறார் என்றால் முதலில் பெரியம்மாவை வலப்பக்கக் காற்றில் ஓரிடத்தில் 'வைப்பார்', மாமாவை இடப்பக்கம். அதற்குப் பிறகு பெயரே வராது. 'கொடு' என்ற அசைவு வலமிருந்து இடம் போனால் பெரியம்மா மாமாவுக்குக் கொடுத்தார், இடமிருந்து வலம் வந்தால் மாமா திருப்பிக் கொடுத்தார். மெதுவாக, தயங்கித் தயங்கி வந்தால் மனசில்லாமல் கொடுத்தார். தமிழில் வேற்றுமை உருபு செய்கிற வேலையை அங்கே திசை செய்கிறது, கூடவே வினையடையையும் சேர்த்து. வில்லியம் ஸ்டோக்கி என்ற பேராசிரியர் 1960இல், இது வெறும் ஊமை நடிப்பு இல்லை, கையின் வடிவம், கை வைக்கும் இடம், அசைவு என்று பிரித்துப் பார்க்கக்கூடிய உறுப்புகள் உள்ள மொழி என்று எழுதியபோது அவரோடு வேலை பார்த்தவர்களே சிரித்தார்களாம். அவர்கள் என் அத்தை நகைக்கடன் கதை சொல்லிப் பார்த்ததில்லை.

நான் வகுப்பில் கற்றது பி.ஐ.எம்., அத்தையுடையது பழைய பினாங்குக் கை. சிலது ஒத்துப்போகும், சிலது போகாது. புத்தகத்துப் பிள்ளை மாதிரி பேசுகிறாய் என்று கிண்டல் செய்வார். முன்னெற்றியில் விழும் முடியை இழுத்துவிடுவதுதான் அவர் எனக்கு வைத்திருக்கும் பெயர். வகுப்பில் எனக்கு வேறொரு பெயர் வைத்தார்கள், அதைக் காட்டினேன், ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி முடியை இழுத்தார். பேச்சு முடிந்தது.

சாப்பிடும்போது பேசுவது ஒரு தனிக் கலை. வலது கையில் சோறும் மீன் குழம்பும். அதனால் பேச்சு முழுக்க இடது கைக்கு மாறிவிடும், இரண்டு கை வேண்டிய சொற்களுக்கு வலது மணிக்கட்டை மட்டும் கொஞ்சம் தூக்கி ஒப்பேற்றுவார். கோபம் வந்துவிட்டால்தான் சிக்கல், குழம்புக் கையும் சேர்ந்து எழும்பிவிடும். எதிரே உட்காருகிறவர் வெள்ளைச் சட்டை போடாமல் இருப்பது நல்லது.

தைப்பூசத்துக்கு முந்தின நாள், வெள்ளி ரதம் தண்ணீர்மலைக்குப் போகிற வழியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். சாலை முழுக்க உடைத்த தேங்காய், தண்ணீர்ப் பந்தல்களில் ஆளுயர ஒலிபெருக்கிகள், ஒன்றின் பாட்டு இன்னொன்றின் பாட்டை விழுங்குகிறது. அத்தை சாலைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார், நான் இந்தப் பக்கம். என்னைச் சுற்றி இருந்தவர்களெல்லாம் கைப்பேசியைக் காதில் அழுத்திக்கொண்டு "எங்க இருக்க? என்னது? கேக்கல!" என்று கத்திக்கொண்டிருக்க, நானும் அத்தையும் ரதத்துக்கு மேலாகக் கையைத் தூக்கி நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தோம். அத்தை சொன்னது இது: ஒரு செருப்பு அறுந்துவிட்டது, தம்பி வேறு வாங்கப் போயிருக்கிறான், நீ இப்போது தாண்டாதே, காலில் சிரட்டை குத்தும், முனையில் இருக்கும் சீனர் கடையில் நில், நான் வருகிறேன். அப்புறம், உனக்கு இடப்பக்கம் நிற்கிறாளே பச்சைச் சேலை, உடனே திரும்பாதே, அவள்தான் நான் சொன்ன கதையில் வருகிறவள். நாலு நிமிடத்தில் இத்தனையும். அந்தச் சாலையில் அன்றைக்கு ஒழுங்காகப் பேசிக்கொண்டவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான் என்று நினைக்கிறேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு ஒரு கேள்வி வரும், எனக்குத் தெரியும். அப்படியானால் தமிழ்?

இது கொஞ்சம் வலிக்கிற இடம்தான். தமிழ்ப்பள்ளியே நமது தேர்வு என்று நாம் சொல்கிறோம், நானும் தமிழ்ப்பள்ளியில் படித்தவன். ஆனால் காது கேளாத பிள்ளைக்கான பள்ளி இங்கே மலாயிலும் சைகை மொழியிலும் நடக்கிறது. விரலால் எழுத்துக்கூட்டுவதும் ரோமன் எழுத்தில்தான். அத்தைக்கு மலாய் படிக்க வரும், ஆங்கிலம் ஓரளவு வரும், தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. டிவியில் தமிழ்ப் படம் போட்டால் கீழே ஓடுகிற மலாய் வரிகளைப் படித்துத்தான் வசனத்தைப் பிடிக்கிறார். அந்த வரிகள் வசனத்தில் பாதியைத்தான் சொல்கின்றன, நக்கலை மொத்தமாக விட்டுவிடுகின்றன. அவர் அழுகிற இடத்தில் சரியாகத்தான் அழுகிறார், சிரிக்கிற இடத்தில்தான் தவறவிடுகிறார். அந்த இடங்களை இப்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து கையில் சொல்கிறேன். தமிழ் வசனம் என் கை வழியாகப் போய்த்தான் அவரிடம் சிரிப்பாகிறது. அவருக்கும் தமிழுக்கும் நடுவில் இருக்கிற ஒரே பாலம் அவர் மொழி தெரிந்த ஒரு தமிழன்தான். காது கேளாத பிள்ளையைத் தமிழுக்குக் கொண்டுவர வேண்டும் என்று கவலைப்படுகிறவர்கள் முதலில் தங்கள் கையைப் பழக்கட்டும்.

என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவனுக்கு ஒன்றரை வயது மகள், காது கேட்கவில்லை என்று தெரிந்திருக்கிறது. சொந்தக்காரர்களெல்லாம் ஒரே குரலில், இப்பதான் காதுக்கு உள்ளே மிஷின் வைக்கிறார்களே, எதற்குக் கைமொழி, கையைக் கற்றுக்கொடுத்தால் வாய் திறக்காது என்று சொல்கிறார்களாம். மிஷின் வைக்கட்டும், நல்லதுதான். ஆனால் அது எல்லாருக்கும் ஒரே மாதிரி பலன் தருவதில்லை, வைத்த மறுநாளே பேச்சு வந்துவிடுவதும் இல்லை, குளிக்கும்போதும் தூங்கும்போதும் வெளிக்கருவியைப் பெரும்பாலும் கழற்றிவிட வேண்டியிருக்கும். பிள்ளையின் மூளை மொழியைத் தேடி அலைகிற வயது இந்த முதல் சில வருசங்கள்தான், அதைச் சும்மா காத்திருப்பில் கழித்துவிட முடியாது. கைமொழி பேச்சைக் கெடுக்கும் என்பது நிரூபணமான விஷயம் இல்லை. அவனிடம் இதைத்தான் சொன்னேன், கொஞ்சம் கடுமையாகவே.

வெளியே நிலைமை எப்படி என்றால், போன வருசம் அத்தையை ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப்போனேன். மருத்துவர் அத்தையின் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. "அவங்களுக்கு எங்க வலி?" என்று என்னைக் கேட்டார். நான் அத்தையைக் காட்டினேன். மறுபடியும் என்னையே கேட்டார். மொழிபெயர்ப்பாளர் கேட்டோம், அன்றைக்கு யாரும் இல்லை. பயிற்சி பெற்றவர்கள் நாட்டில் மிகக் குறைவு, அதனால் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். வயிற்றுவலி முன்கூட்டிச் சொல்லிக்கொண்டா வருகிறது? ஒரு அத்தை தன் அண்ணன் மகன் வழியாகச் சொல்ல விரும்பாத விஷயங்கள் உடம்பில் இருக்கும். அன்றைக்குச் சிலதை அவர் சொல்லாமலே விட்டுவிட்டார், அது எனக்கும் தெரியும்.

நல்லதும் நடக்கிறது, இல்லாமல் இல்லை. பங்சாரில் 2016இல் ஸ்டார்பக்ஸ் திறந்த சைகை மொழிக் கடை அந்த நிறுவனத்துக்கு உலகத்திலேயே முதலாவது. காப்பி கொஞ்சம் விலைதான், ஆனால் அங்கே கையால் ஆர்டர் சொல்ல அவமானப்பட வேண்டியது காது கேட்கிற நாம்தான், அதற்காகவே ஒரு தடவை போய் வரலாம். மலாய்ச் செய்தியில் மூலைக் கட்டத்தில் ஒருவர் கைமொழியில் சொல்லிக்கொண்டிருப்பார். அத்தை நாற்காலியை இழுத்துப்போட்டு டிவிக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்துதான் பார்க்கிறார், அந்தக் கட்டம் அவ்வளவு சின்னது. எல்லாவற்றையும் விடப் பெரிய மாற்றம் வீடியோ அழைப்பு. மைலோ டின்னில் கைப்பேசியைச் சாய்த்து வைத்துவிட்டு ஈப்போவில் இருக்கும் தன் விடுதிச் சிநேகிதியோடு மணிக்கணக்கில் பேசுகிறார். அவர்கள் பேசுவது எனக்குப் பாதிதான் புரிகிறது. அத்தனை வேகம், அத்தனையும் பழைய கை. என்ன என்று கேட்டால் கையை விரித்து ஒரு திருப்பு திருப்புகிறார்.

கற்க நினைக்கிறவர்களுக்கு: கோலாலம்பூரில் இருப்பவர்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் ஒய்.எம்.சி.ஏ.வில் விசாரிக்கலாம், காது கேளாதவர்களோடு அவர்களுக்குப் பல பத்தாண்டுப் பழக்கம் உண்டு. வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போகிற வழியில் அந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான் போயிருப்பீர்கள். மலேசியக் காது கேளாதோர் சம்மேளனத்திடமும் கேட்கலாம். யூடியூபில் சொற்களைப் பார்த்து மனப்பாடம் செய்வதில் தப்பில்லை, ஆனால் எதிரே ஆள் இல்லாமல் முகம் பழகாது. எங்கே சேர்ந்தாலும் சொல்லிக்கொடுப்பவர் காது கேளாதவர்தானா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து இரண்டு பேராகப் போனால் இன்னும் நல்லது, என் பெரியப்பா மகள் அடுத்த வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். தீபாவளிக்குள் அவளுக்கு 'இருந்தால்' வந்துவிட வேண்டும் என்று அத்தை கெடு வைத்திருக்கிறார்.